செபமாலையம்மாளுக்கு ஒதுக்கிய இடம்

அமலராணி: இல்லண்ணே, பேத்தா ஒடஞ்சிரும். கிரானைட்டு கல்லு. அம்புட்டும் போயிரும்.

அடைக்கலசாமி: அப்பா கல்லறை மேல ஒனக்கு எப்பருந்து இம்புட்டு அக்கறை? கல்லறைத் திருநாளுக்கே அறந்தாங்கியிலருந்து வர மாட்டே.

அமலராணி: போன வருஷம் வந்தேனே.

அடைக்கலசாமி: வந்தே. மெழுகுவர்த்தி அணையறதுக்குள்ள பஸ் ஏறிட்டே... சிவசாமி, நீங்க சொல்லுங்க. அம்மாவை இதுக்குள்ள வைக்கணும்னா கல்லை எடுக்கணும். எடுத்தா ஒடையுமா?

சிவசாமி: நான் பதிச்ச கல்லுங்க வாத்தியாரய்யா. அலுங்காம எடுத்து, ஆத்தாள உள்ள எறக்கிட்டு, அலுங்காம மூடிருவேன்.

அடைக்கலசாமி: ஒடையாதா...

சிவசாமி: ஒடையாதுங்க.

அடைக்கலசாமி: ஒரு ஓரமாக் கூட?

சிவசாமி: ஏங்க, ஒடையணுங்களா?

அமலராணி: உள்ள தண்ணி ஊறியிருக்குமே.

சிவசாமி: இந்த வருஷம் எங்கம்மா மழை? கம்மாயே காஞ்சு கெடக்கு.

அடைக்கலசாமி: ஆமா... கம்மாயே காஞ்சுல்ல கெடக்கு.

சிவசாமி: நாலு மணிக்கு அடக்கம்னு ஃபாதர் சொல்லிட்டாரு. இப்பத் தொடங்குனாத்தான் தோதுப்படும். இதைத் தொறக்குறதா, புதுசா ஒரு குழி வெட்டுறதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.

அடைக்கலசாமி: போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

சிவசாமி: இப்பத்தான் குடிச்சேங்க.

அடைக்கலசாமி: இன்னொண்ணு குடிங்க.

அமலராணி: ...போயிட்டாரு.

அடைக்கலசாமி: ம்.

அமலராணி: கல்லுல அம்மா பேரைப் பாத்தீங்களாண்ணே? செபமாலையம்மாள்னு போட்டு, பொறந்த தேதி போட்டு, எறந்த தேதிக்கு எடம் விட்டிருக்கு. உசுரோட இருந்தவங்க பேரை எதுக்கு அப்பவே வெட்டச் சொன்னீங்க?

அடைக்கலசாமி: நம்ம சனம் எல்லாரும் வெட்டுறதுதானே. புருசன் பேரு வெட்டையில பொஞ்சாதி பேரையும் சேத்து வெட்டிர்றது. அதுவும் அம்மா பக்கத்துலயே நின்னாங்க. வேணாம்னா சொல்ல முடியும்?

அமலராணி: அம்மா என்ன சொன்னாங்க?

அடைக்கலசாமி: தலையாட்டுனாங்க.

அமலராணி: அம்மா எதுக்குத்தான் தலையாட்டல...

அடைக்கலசாமி: அதுவும் சரிதான்.

அமலராணி: வருஷா வருஷம் இங்க வந்து தம்பேருக்குத் தானே மெழுகுவர்த்தி ஏத்துனாங்க. பாத்தவங்க எல்லாம் அழுதாங்க.

அடைக்கலசாமி: அழுகாம? பதினாறு வயசுல ஆவூர்லருந்து வந்தவங்க. அப்பா சாப்பிடாம ஒரு வாய் தின்னதில்ல. மொத மணி அடிக்கையில கோயில்ல நிப்பாங்க. கட்டிக்கப் போற பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துனா, ஃபாதர் இவங்க ரெண்டு பேரையும்தான் கூட்டிப் போயி ஒக்கார வச்சுக் காட்டுவாரு.

அமலராணி: 'இத்தனை வருஷம் ஒத்துமையா இருக்கீங்களே, என்னம்மா ரகசியம்'னு கேட்டாரே, அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?

அடைக்கலசாமி: அன்புன்னு சொன்னாங்க.

அமலராணி: 'பழகிருச்சு'ன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன். ஃபாதர்தான் மைக்குல அன்புன்னு சொல்லிட்டாரு.

அடைக்கலசாமி: ...அப்பா என்ன சொன்னாரு?

அமலராணி: அப்பா தூங்கிட்டாரு.

அடைக்கலசாமி: கல்யாணப் பொன்விழாவுல மோதிரம் மாத்தச் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? அம்மா வெரலு வீங்கி, ஏறவே இல்ல.

அமலராணி: சோப்பு போட்டு ஏத்துனேன். பெறவு கழட்ட முடியாம ரெண்டு நாளு வலியில துடிச்சாங்க.

அடைக்கலசாமி: கழற்ற முடியாத பந்தம்னு அன்னைக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம்.

அமலராணி: இன்னைக்கும் பேசுவாரு.

அடைக்கலசாமி: காலையில வீட்டுக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. மண்ணுக்குள்ளயும் பிரியாத தம்பதின்னு பேசப் போறாராம். ஜோஸ் வேற குவைத்துலருந்தே டிசைன் போட்டு அனுப்பி, அரிமளம் ரோட்டுலருந்து நம்ம வீடு வரைக்கும் பிளெக்ஸ் கட்டியாச்சு.

அமலராணி: ஒங்க மகன் என்ன போட்டிருக்கான் அதுல?

அடைக்கலசாமி: 'கணவரோடு ஒரே கல்லறையில் உறங்கச் சென்றார்'னு.

அமலராணி: அவனுக்கு என்ன அவசரம்...

அடைக்கலசாமி: அப்பத்தா மேல பாசம்.

அமலராணி: பாசம் இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டுல்ல போடணும்.

அடைக்கலசாமி: யாரைக் கேக்க? ...ஒருவேளை, எடம் பத்தாதுன்னு சொன்னா?

அமலராணி: யாருக்கு, அம்மாவுக்கா? கடைசியில ஒரு கைப்பிடிதான் இருந்தாங்க.

அடைக்கலசாமி: அப்பா நல்ல ஒசரம்ல.

அமலராணி: அப்பா இப்ப எம்புட்டு ஒசரம் இருக்கப் போறாரு?

அடைக்கலசாமி: அதுவும் சரிதான்.

அமலராணி: ஏண்ணே... நீங்க எதுக்கு எடம் பத்தாதுங்கிறீங்க?

அடைக்கலசாமி: நீ எதுக்குக் கல்லு ஒடையும்ங்கிறே?

அமலராணி: நீங்க சொல்லுங்க, பெரியவரு.

அடைக்கலசாமி: எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. சேந்து இருந்தவங்க சேந்தே இருக்கட்டும், அதுதான் மொறை. சிவசாமி வரட்டும். தொறக்கச் சொல்லிர்றேன்.

அமலராணி: அண்ணே...

அடைக்கலசாமி: என்ன?

அமலராணி: தொறக்க வேணாம்.

அடைக்கலசாமி: ஏன்?

அமலராணி: கோவப்படாம கேளுங்க. அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆஸ்பத்திரியில இருந்தப்ப எங் கையைப் புடிச்சுக்கிட்டு, 'என்னை அவருகூட வச்சிராதடி'ன்னாங்க.

அடைக்கலசாமி: அம்மாவா?

அமலராணி: அம்மாதான்.

அடைக்கலசாமி: காய்ச்சல்ல ஏதாச்சும் ஒளறியிருப்பாங்க.

அமலராணி: தெளிவாத்தான் பேசுனாங்க. 'பொறந்த வீட்டுல தங்கச்சிகளோட ஒரே பாயி. கட்டி வந்தா அவரு. பெறவு நீயும் ஒங்க அண்ணனும். அவரு போன பெறவுதான்டி தனியாப் படுத்தேன். கட்டிலு முழுக்க எனக்கே எனக்கு. இம்புட்டு சொகமா இருக்கும்னு தெரியாமப் போச்சே'ன்னாங்க.

அடைக்கலசாமி: ...அப்பா ரொம்ப இருமுவாரு.

அமலராணி: இருமலு ஒரு பக்கம். விடியங்காட்டி எழுப்பி வரக்காப்பி கேக்குறது ஒரு பக்கம். 'அங்க போயும் எழுப்புவாருடி'ன்னாங்க.

அடைக்கலசாமி: எழுப்புவாரு.

அமலராணி: சிரிக்கிறீங்களா?

அடைக்கலசாமி: இல்ல... தும்மலு வந்துச்சு. நீ சொல்லு.

அமலராணி: சொல்லிட்டு அவங்களே அழுதாங்கண்ணே. 'பாவம், எடம் ஒதுக்கி வச்சு எனக்காகக் காத்துக்கிட்டு கெடப்பாரு. ஆனாலும் முடியாதுடி. மோட்சத்துல போயிப் பாத்துக்கிறேன், அதுவரைக்கும் தனியா இருந்துக்கிறேன்'ன்னாங்க. நானும் சரின்னுட்டேன். ஒங்ககிட்டச் சொல்லத்தான் தைரியம் வரல. நீங்க அப்பா புள்ள. அம்மாவைத் தப்பா நெனச்சிருவீங்கன்னு பயம். ஆயுசுக்கும் எங்கிட்ட வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். இதையும் செய்யலைன்னா எனக்குத் தாங்காதுண்ணே.

சிவசாமி: டீ குடிச்சாச்சுங்க. கடப்பாரையை எடுக்கவா?

அடைக்கலசாமி: எடுங்க.

அமலராணி: அண்ணே...

அடைக்கலசாமி: எடுத்துக்கிட்டு அங்கிட்டு வாங்க, அந்தப் புங்கமரத்து ஓரமா. புதுசா வெட்டுங்க.

சிவசாமி: புதுசாவா? ஃபாதர் என்னைய கேப்பாருங்களே.

அடைக்கலசாமி: கல்லு ஒடஞ்சிரும்னு சொல்லிருங்க.

சிவசாமி: ஒடையாதுங்களே.

அடைக்கலசாமி: ஒடையும்னு நான் சொல்றேன்ல. வெட்டுங்க. நல்லா அகலமா வெட்டுங்க.

அமலராணி: பிரசங்கம்?

அடைக்கலசாமி: அவரு பாட்டுக்குப் பேசட்டும். வெலகி வச்சாலும் ஒரே கல்லறைத் தோட்டம்தானே, ஏதாச்சும் ஒரு வசனம் கெடைக்கும் அவருக்கு.

அமலராணி: பிளெக்ஸு?

அடைக்கலசாமி: பொணம் எடுக்கையில எவன் நின்னு படிக்கிறான்? வா, போவோம். ஜோஸ் பிளைட்டு திருச்சிக்கு வந்திருக்கும்.

அமலராணி: இருங்கண்ணே. ஊரைக் கூட்டிச் சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன், நீங்க பாட்டுக்குச் சரின்னுட்டீங்க. எனக்கு இப்ப அப்பாவை நெனச்சாத்தான் மனசு கேக்கல. பாவம், தனியா விட்டுட்டோமேன்னு அவருக்கு இருக்காதா?

அடைக்கலசாமி: அவரும் கடைசியா எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் போனாரு அமலா. 'அறுபது வருஷம் ராத்திரி தவறாம ஒங்கம்மா பக்கத்துல முழங்கால்ல நின்னு செபம் சொல்லியாச்சு, இனியாச்சும் தனியாக் காலை நீட்டிப் படுக்கணும்டா... ஆனா அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாத, எம் பக்கத்துலயே வந்து படுக்கணும்னு ஆசையா இருக்கா, பாவம்'னாரு.