கடைசி அத்தியாயம் இல்லாத புத்தகங்கள்

இல்லம்மா, எலி இல்ல. எலி இப்படியா கடிக்கும்? நீங்களே நல்லாப் பாருங்க. தையலை ஒட்டி, அடிக்கோல் வச்ச மாதிரி வெட்டு. எங்கயாவது பிசிறு இருக்கா? எலிக்கு ஏது இவ்வளவு பொறுமை. கரையானும் கிடையாது. கரையான் வந்தா, இது காதல் கதை, இது துப்பறியற கதைன்னு தரம் பிரிச்சா தின்னும்? மொத்த அலமாரியையும் மண்ணாக்கிட்டுல்ல போகும்.

ஐயய்யோ, வராதீங்க, வராதீங்க! அங்கயே நில்லுங்க. இப்பத்தான் தரையைத் துடைச்சேன், வழுக்கும். நீங்க விழுந்து வச்சா அந்தப் பழியும் என் தலையிலதான் விடியும். படிக்கட்டுலயே நின்னு சொல்லுங்க, எனக்கு நல்லாக் கேக்குது. முட்டி வலியா? அடடா. கொஞ்சம் பொறுத்துக்கங்க, காஞ்சதும் நானே கூப்பிடறேன்.

ம், சொல்லுங்க. எல்லாப் புத்தகத்துலயும் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லங்கறீங்க. பையன்கிட்ட சொல்லி விட்டீங்களா? அவரு என்ன சொன்னாரு? பழைய லைப்ரரி, பழைய புத்தகம், பக்கம் உதிர்ந்திருக்கும்னாரா! சொல்லும்போது அவரு காதைப் பாத்தீங்களா? பொய் சொன்னா அவருக்குக் காது செவந்துடும்மா. எனக்கு எப்படித் தெரியும்னா, வாராவாரம் உங்களுக்குப் புத்தகம் எடுக்க வர்றவருதானே. வந்து போற ஆளுங்களோட காதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

உங்க ரசனையும் மனப்பாடம். சரித்திரம் வேண்டாம், பேய் வேண்டாம். சின்ன ஊரு, எதிரும் புதிருமா ரெண்டு பேரு, அது மட்டும் இருந்தாப் போதும், அள்ளிட்டு வரச் சொல்வீங்க. நான் குறையாச் சொல்லலம்மா. நானும் அதே கட்சிதான். இதுல என்ன இருக்குன்னு நிறையப் பேரு இளக்காரமாக் கேப்பாங்க. எல்லாம் ஒரே கதைதானேம்பாங்க. ஆமாய்யா, ஒரே கதைதான். ஒருத்தி வாய் ஓயாம பேசுவா, ஒருத்தன் வாயே திறக்க மாட்டான். ஒருத்தி நாயைக் கட்டிப் புடிச்சுத் தூங்குவா, ஒருத்தன் நாயைத் தொட்டா சோப்பைத் தேடுவான். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஆனா மழை பெஞ்சா ஒதுங்க அந்த ஊர்ல ஒரே ஒரு கூரைதான் இருக்கும். எந்த நாவல்லயும் ரெண்டாவது கூரையை மட்டும் யாரும் கட்டவே மாட்டாங்க, கவனிச்சீங்களா?

சிரிக்கிறீங்க. சிரிச்சா நல்லாத்தான் இருக்கீங்க.

எனக்கு என்ன தோணும்னா, சின்ன ஊர்ல எல்லாத்தையும் முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சிருப்பாங்கம்மா. இவனுக்கு இவ, இவளுக்கு இவன். இவங்க இந்த வீட்டுல கால் வைக்கலாம், இவங்க வைக்கக் கூடாது. அதையெல்லாம் ரெண்டு பேரு சேந்து ஒண்ணுமில்லாம ஆக்கறதைப் பாக்கணும்னு ஒரு ஆசை. அதுக்குத்தான் நான் படிக்கிறது. நீங்க? மனசுக்கு இதமா இருக்குங்கறீங்க. ம். சரிதான்.

இப்பக் கையில இருக்கறது எது? படகு ரிப்பேர் பாக்கற பொண்ணும் ஹெட்மாஸ்டரும்! அது பிரமாதமான கதை. அவ நகத்துல எப்பவும் தார். அவரு சாக்பீஸ் தொட்டாக்கூட கை கழுவற ஆளு. அவ வீடு தேடி வர்றப்ப, கொட்டற மழையில, அந்த ஹெட்மாஸ்டரோட அம்மா கேட்டைப் பூட்டுவாங்க பாருங்க, அங்க அழுதீங்களா? அழுதிருப்பீங்க. அந்தப் பக்கமே உப்பிப் போயிருக்குமே. அப்புறம் அந்த அம்மா குடையை எடுத்துக்கிட்டு ராத்திரியில வெளிய கிளம்பறாங்க, அதோட நின்னுடுச்சு. மனசு எப்படிப் பதைச்சிருக்கும்! அதான் இந்த வெயில்ல நீங்களே கிளம்பி வந்துட்டீங்க.

ஒண்ணு கேக்கறேன், மனசுல பட்டதைச் சொல்லுங்க. அந்த அம்மா பண்ணினது சரியா? தார் ஒட்டின கைங்கிறதுக்காக ஒரு பொண்ணை மழையில நிக்க வைக்கலாமா? ... கல்லு நெஞ்சுங்கறீங்க. சரி. அப்புறம்? ... இவங்கல்லாம் நல்லாவே இருக்க மாட்டாங்களா? அடேயப்பா, இது பெரிய வார்த்தையாச்சே. நான்கூட அவ்வளவு தூரம் போகல. பரவாயில்ல, உங்க வாயாலயே வந்துடுச்சு. இருக்கட்டும்.

நானா? இல்லம்மா, நான் இந்த வாடகைப் புத்தகக் கடைக்குப் புதுசுதான். பழைய ஓனர் மூடற நெலமையில இருந்தாரு, நான் எடுத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி வண்டி ஓட்டிட்டிருந்தேன். ஸ்கூல் வண்டி இல்ல. முனிசிபாலிட்டி வண்டி. குப்பை வண்டி.

ஏம்மா கையைச் சேலையில தொடச்சுக்கறீங்க? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.

நில்லுங்க, நில்லுங்க. எங்க திரும்பறீங்க? கடைசி அத்தியாயம் வேண்டாமா? அது எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். ஆங், அப்படி நில்லுங்க. இதுவும் ஒரு கதைதான், உங்களுக்குப் புடிச்ச மாதிரி. சின்ன ஊரு. ஒருத்தரு மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்காரு. சுத்தம்னா சுத்தம், அப்படி ஒரு சுத்தம். ஒரு நாள் யாருக்கோ வரவழைச்ச லென்ஸ், பேப்பர்ல பொட்டலம் கட்டி வீட்டு மேசை மேல வச்சிருந்ததை, குப்பைன்னு நினைச்சு யாரோ வாளியில போட்டுட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், அவங்க வருத்தப்படுவாங்க. மனுஷன் வீட்டுச் செருப்போட என் வண்டி பின்னாடி ஓடி வர்றாரு. நான் நிறுத்தி, மேல ஏறி, முழங்கால் வரைக்கும் உள்ள இறங்கித் தேடி, எடுத்துக் குடுத்தேன். வாங்கினாரு. நன்றின்னாரு. அப்படியே ஓரமாப் போய் வாந்தி எடுத்தாரு. நான் சிரிச்ச சிரிப்புல தெரு நாயெல்லாம் எந்திரிச்சு ஓடுச்சு.

மறுநாள்லேருந்து அவரே வாளியைத் தூக்கிட்டு கேட்டுக்கு வருவாரு. குப்பையைக் கழுவி எடுத்துட்டு வந்த ஒரே மனுஷன் உலகத்துலயே அவருதாம்மா. கழுவி, காய வச்சு, மடிச்சு! என் கை நாறக் கூடாதாம். நான் வண்டியைத் திருப்பறப்ப கண்ணை இடுக்கறேன்னு அவருதான் கண்டுபுடிச்சாரு. கடைக்குக் கூட்டிட்டுப் போய் எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னாரு. ரெண்டாவது வரிக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே தெரியல. அத்தனை நாளும் பாதிக் கண்ணோடதான் ஊரைச் சுத்தியிருக்கேன். கண்ணாடி செஞ்சு மாட்டி விட்டாரு. போட்டதும் நான் முதல்ல பாத்தது அவரு காதைத்தான். செவந்திருந்துச்சு.

இருங்க, அதையும் போட்டுக்கறேன். இவ்வளவு நேரம் உங்க முகம் எனக்குக் கலங்கலாத்தான் தெரிஞ்சுது. ம். இப்ப நல்லாத் தெரியுது. உங்களுக்கும் என்னைத் தெரியுது போல. அன்னிக்குத் தொப்பியும் முகத்துல துணியும் கட்டியிருந்தேன், அதான் குழப்பம். நீங்க அன்னிக்கு என்னையா பாத்தீங்க? இந்தக் கண்ணாடியைத்தானே முறைச்சுப் பாத்தீங்க.

அவரு உங்ககிட்ட எங்க விஷயத்தைச் சொன்ன மறுநாள் காலைல வாளியை நீங்க கொண்டு வந்தீங்க. கேட்டைத் திறக்கல. குப்பை எடுக்க வந்தவ குப்பையை எடுத்துக்கிட்டுப் போகணும், வீட்டுக்குள்ள கண்ணு போகக் கூடாதுன்னீங்க. சத்தம் போடல. மெதுவாத்தான் சொன்னீங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்ல. அப்புறம் குழாயை நீட்டி நான் நின்ன இடத்தைக் கழுவி விட்டீங்க. நான் போன பிறகு இல்ல. நின்னுக்கிட்டிருக்கறப்பவே. என் ஷூவுக்குள்ள தண்ணி போச்சு. ஒரு கையில குழாய், இன்னொரு கையில நாவல். படிச்ச பக்கம் தப்பிடக் கூடாதுன்னு நடுவுல விரலை விட்டு வச்சிருந்தீங்க. அட்டையில இந்த லைப்ரரி சீல்.

அந்த ஈர ஷூவோடயே இங்க வந்தேன். உங்க லைப்ரரி கார்டைத் தேடிக் கிழிச்சுப் போடணும்னுதான் வந்தேன். உங்க தெருப் பேரைச் சொன்னதும், பழைய ஓனர் நான் ஏதோ புத்தகம் வேணும்னு வந்திருக்கேன்னு நினைச்சு, அந்தத் தெரு அம்மாக்கள்லாம் இதுதான் படிப்பாங்கன்னு ஒண்ணை எடுத்து நீட்டினாரு. எடுத்துட்டுப் போனேன், அப்படி என்னதான் படிக்கிறா அந்தப் பொம்பளைன்னு பாக்க. மன்னிச்சுக்கங்க, அன்னிக்கு அப்படித்தான் நினைச்சேன். இன்னிக்கும் மன்னிப்புக் கேக்கறது வாய் மட்டும்தான்.

படிச்சேன். தேம்பித் தேம்பி அழுதேன். அப்பத்தான் எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா. இதையெல்லாம் படிக்காத ஒருத்தி தண்ணி ஊத்தியிருந்தா, தெரியாத ஜென்மம்னு விட்டிருப்பேன். நீங்க படிச்சிருக்கீங்க. அலமாரி அலமாரியாப் படிச்சிருக்கீங்க. கதையில வர்ற பேக்கரிக்காரிக்கும் டாக்டருக்கும் அழுதிருக்கீங்க, தார் ஒட்டின கைக்கு அழுதிருக்கீங்க. உங்க கேட்டு முன்னாடி நின்னவளுக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, ஒரு குழாய்த் தண்ணிதான் இருந்துச்சு. அதை நான் மறக்கணுமா? மறக்க மாட்டேன்.

அதான் இந்தக் கடையை எடுத்தேன். வேற எதுக்கு? நல்லா முடியற கதை எதுவும் இனிமே உங்க கைக்கு வரக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். ஒவ்வொரு கதையும் பூட்டின கேட்டு வரைக்கும் வரும், அதோட நிக்கும். எனக்கு நின்ன மாதிரி.

ஆனா வெட்டினது நான் இல்ல. சத்தியமா. ஸ்டீயரிங் புடிச்ச கை இது, இதுல பிளேடு குடுத்தா பாதிப் பக்கம் போயிடும். அந்த வெட்டை இன்னொரு தடவை பாருங்க. நூல் அளவுகூட விலகல. இந்த ஊர்ல அப்படி வெட்டற கை எதுன்னு பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆமா. அவரேதான். உங்களை எதுத்து ஒரு வார்த்தை பேச வராது அவருக்கு. வாராவாரம் வந்து, அந்த ஸ்டூல்ல உக்காந்து, உங்களுக்குன்னு எடுத்து வச்ச புத்தகத்துலேருந்து கடைசி அத்தியாயத்தை வெட்டி என் கையில குடுப்பாரு. அம்மாகிட்ட நான் பேசறதுக்குப் பதிலா இதும்பாரு. காது மட்டும் செவந்திருக்கும். மத்தவங்க வந்து கேட்டா பக்கத்தைச் சேத்துக் குடுத்துடுவேன். உங்களுக்கு மட்டும்தான் இல்ல.

சொல்லிடலாம், சொல்லிடலாம்னு அவரு போன மாசத்துலேருந்து நச்சரிக்கிறாரு. நான்தான் வேண்டாம்னேன். நாம போய் அந்தக் கேட்டு முன்னாடி நிக்கறதா? அவங்க வருவாங்க, கடைசி அத்தியாயத்துக்காக அவங்களே நம்ம வாசலுக்கு வருவாங்கன்னேன். வந்துட்டீங்க. தரையா? அது நேத்துத் துடைச்சது, எப்பவோ காஞ்சாச்சு. உங்களைக் கொஞ்சம் வெளிய நிக்க வச்சுப் பாக்கணும்னு ஆசை. முட்டி வலிக்குதுல்ல? எனக்கு அன்னிக்கு வலிச்சது முட்டி இல்ல.

இந்தாங்க, படகுக்காரி கதையோட கடைசி அத்தியாயம். மழையில நிக்கற பொண்ணுக்குக் குடை புடிச்சு, அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்வாங்க. உள்ள வாம்மான்னு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் பெருசா இல்ல. அந்த இடம் வர்ற வரைக்கும் சத்தமாப் படிங்க. எனக்கு அது உங்க குரல்ல கேக்கணும், புத்தகத்துலேருந்துன்னாலும் பரவாயில்ல. நீங்க அந்த வார்த்தையைப் படிச்ச அடுத்த நிமிஷம், அதையே நான் உங்களுக்குச் சொல்றேன். அதுவரைக்கும் படிக்கட்டுதான்.

என்ன? கண்ணாடி கொண்டு வரலையா? பரவாயில்ல.

ஏங்க! அம்மா கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாங்களாம். அவங்க பவர்ல நீங்க செஞ்சு வச்சது டிராயர்ல இருக்கு பாருங்க, எடுத்துட்டு வாங்க. எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னாடியே நிப்பீங்க?

அவருதான். லென்ஸ் எடுக்க வெளியூர் போறேன்னு போன மாசம் உங்ககிட்ட சொல்லிட்டுக் கிளம்பினாரே, அன்னிக்குத்தான் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ம், போட்டுக்கங்க. எழுத்து நல்லாத் தெரியுதா? படிங்க அத்தை.