சவரிராயன் விட்ட கொடுவா

போதும்யா, போதும்! தடைக்காலம் விசைப்படகுக்குத்தானே, தூண்டிலுக்கு எதுக்குன்னு வருஷா வருஷம் இதே கேள்வி. மீன் முட்டை போடுற மாசத்துல கிடைச்சதைத் திருப்பிக் கடல்ல விடணும்னு நம்ம தூண்டில் சங்கத்துல நாமளே கை தூக்கிப் போட்ட விதிய்யா இது! "நாங்க விடத்தான செய்றோம்"ங்கிறீங்க. விடுறீங்களா? சரி... ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் எங்கூடச் சண்டைக்கு வாங்க.

நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமை தூண்டில்காரர் ஒருத்தர். பேரு... சவரிராயன்னு வச்சுக்குவோம். யாரும் பின்னால திரும்பிப் பாக்காதீங்க! சம்சாரத்தோட கடற்கரைப் பாறைக்குப் போறார். தூண்டில் போடுறார். மாட்டுது பாருங்க... கொடுவா! இம்புட்டுப் பெருசு. வயிறு புடைச்சு, முழுச் சினை.

உடனே என்ன பண்ணணும்? ஈரக் கையால முள்ளை எடுத்துட்டுத் தண்ணியில விடணும். அவ்வளவுதானே? நம்மாளு என்ன பண்ணினார்? "ஏ இமெல்டா, போனை எடு! விதியை மதிக்கிறதுன்னா என்னன்னு ஊருக்குக் காட்டுவோம்!"

மீனைப் பாறையில போட்டார். சுடுற பாறை. மண்ணு ஒட்டியிருக்காம்... துண்டை எடுத்துத் துடைக்கிறார்! மீனைத் துடைப்பாங்களாய்யா? மேல இருக்கிற அந்த வழுவழுப்புதானய்யா அதுக்குக் காவலே!

"ஏங்க, விட்டுருங்க. வாயைத் தொறந்து தொறந்து மூடுது."

"இரு, தொப்பி போட்டுக்கிறேன்."

"ஏங்க... வாய் அசையலங்க."

"வெயிலு மூஞ்சியில அடிக்குது, நீ இந்தப் பக்கம் வா. ஆங்... நண்பர்களே! இது தாய் மீன். இதோட பிள்ளைகளுக்காக இதை விடுறேன்!"

விட்டார். நல்லா வீசித்தான் விட்டார்.

மீன் என்ன பண்ணிச்சு? ஒண்ணும் பண்ணல. மல்லாந்துச்சு. வெள்ளை வயிறு மேல தெரிய... அலை அதைத் தள்ளித் தள்ளி அவரு காலடிக்கே கொண்டாந்து போட்டுச்சு.

அந்தம்மா கேட்டாங்க: "வீடியோவை எந்த இடத்துல வெட்டட்டும்?"

"தண்ணியில விழுற வரைக்கும் வச்சுக்க. மிச்சம் வேண்டாம்."

இதை அந்தம்மாவே எங்கிட்ட சொல்லி அழுதாங்க. அந்த வீடியோ நம்ம குரூப்புக்கும் வந்துச்சு. "சபாஷ் அண்ணாச்சி"ன்னு போட்டது யாரு? நீங்கதான!

எனக்கு வயிறு எரியுதுய்யா! அவர் விதியை மீறினாரா? இல்லையே! விடச் சொன்னோம், விட்டுட்டார். அந்தச் சினை? நாளைக்கு உங்க தூண்டில்ல மாட்ட வேண்டிய மீனெல்லாம் அதுக்குள்ளதான இருந்துச்சு? விதி எதுக்கு? நாம நல்லவங்கன்னு காட்டிக்கவா? மீன் பிழைக்கணும்யா! கடல்ல போட்டதோட நம்ம வேலை முடியல... அது நீந்திப் போகணும்.

இந்த சீசன்ல எனக்கு யாரும் போட்டோ அனுப்பாதீங்க. வீடியோவும் அனுப்பாதீங்க. மீன் வாலை அடிச்சுட்டு உள்ள போச்சா... அதை மட்டும் நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போங்க.