பனியில் நின்ற மாப்பிள்ளை

சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் மடியில் ஒரு கறிப் பை.

"எங்க மாப்பிள்ளை லண்டன் பனியில லுங்கியோட நின்னாருடி" என்றார் அவர்.

இளையவள் திரும்பினாள். "ஏன்க்கா, உன் பொண்ணு தொரத்திட்டாளா?"

"அட நீ வேற. அவளுக்கு ஆபரேஷன் பண்ணிப் புள்ளைய எடுத்தாங்க. கீழ குந்த முடியல. எனக்கு விசா வரல. புள்ளைய யாரு குளிப்பாட்டுவாங்கன்னு எனக்குச் சோறே எறங்கல."

"அப்புறம்?"

"மாப்பிள்ளைதான். லுங்கியக் கட்டினு பாத்ரூம்ல கால நீட்டி உக்காந்தாரு. நான் போன்ல சொல்லச் சொல்ல, புள்ளையக் கால் மேல போட்டு, எண்ணெ தேச்சு, தண்ணி ஊத்தினாரு."

"அவரா? சாப்ட்ட தட்டக்கூட எடுக்கமாட்டாருன்னு சொன்னியே."

"அவரேதான். நான்தான் தப்பு பண்ணிட்டேன். தலைக்குச் சாம்பிராணி போடுங்கன்னேன். குளிருக்கு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு. பொகைக்கு அலாரம் அடிச்சிடுச்சு. மொத்த பில்டிங்கும் ரோட்டுக்கு வந்துடுச்சு."

"ஐயோ. புள்ள?"

"கம்பளியில சுத்தி, தன் கோட்டுக்குள்ள வெச்சினு நின்னாரு. கீழ லுங்கி, வெறுங்கால். பனி கொட்டுது."

இளையவள் சிரிப்பை நிறுத்தினாள். "தலை ஈரமாச்சேக்கா. சளி புடிச்சுதா?"

மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது. புள்ளைக்கு ஒரு தும்மல் வரல."