'இன்னும் கொஞ்சம்' அக்காவுக்குச் சலவைக்கூடத்தார் சலிப்போடு சாற்றும் மடல்

வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருந்த வித்தகியே! கறை கண்டால் கனல்பவரே, கஞ்சி குறைந்தால் கலங்குபவரே! அனலும் ஆவியும் ஓயாத இரைச்சலும் நிறைந்த இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தை ஆண்டாண்டாக ஆண்டு, இன்று பணி ஓய்வு பெறும் மேற்பார்வையாளரே! எங்கள் அன்புக்கும், உண்மையை மறைப்பானேன், எங்கள் எரிச்சலுக்கும் ஒருசேர உரியவரான 'இன்னும் கொஞ்சம்' அக்கா அவர்களே! வணக்கம்.

அந்தப் பட்டப்பெயர் தங்கள் காதுக்கு எட்டாமல் இத்தனை காலம் காத்து வந்தோம். எட்டியிருந்தால், பெயரையும் இன்னும் கொஞ்சம் நன்றாக வைத்திருக்கலாமே என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அறுவை அரங்கின் விரிப்பு எது, குழந்தைகள் பிரிவின் போர்வை எது என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லும் தங்கள் விரல்களை வியக்கிறோம். நோயாளியின் முதுகை உறுத்தும் சிறு சுருக்கமும் இங்கிருந்து மாடியேறாமல் காத்த தங்கள் கண்களை வாழ்த்துகிறோம். கொதிகலன் பழுதான நாளில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாங்களே நின்று கையால் துவைத்ததை எந்நாளும் மறவோம். அதோடு விட்டிருந்தால் இந்த மடல் இங்கேயே முடிந்திருக்கும். தாங்கள் விடவில்லையே!

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணலாமே?" ஐயகோ, இந்தப் பேச்சில் எங்கள் மதியங்கள் எத்தனை மாண்டன! மூளையின் தூங்கும் பாதியை எழுப்புகிறேன் என்று ஒரு வாரம் முழுக்க எங்களை இடது கையால் வேலை செய்ய வைத்தீர்கள். மூளை எழுந்ததோ இல்லையோ, தலைமை மருத்துவரின் அங்கியில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு அப்படியே விழுந்தது. மூச்சுப் பயிற்சி என்று ஆவி அறைக்குள் நிற்க வைத்தீர்கள். இஸ்திரிக்காரர் மயங்கி விழுந்து, மாடி வார்டில் நாங்கள் துவைத்த விரிப்பிலேயே படுத்தார். சாப்பாட்டு வேளையில் நினைவாற்றல் வகுப்பு, தேநீர் வேளையில் தன்னம்பிக்கை உரை! காலை நீட்டி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, மேலிடத்தை நாலு வார்த்தை வையும் இன்பத்தைக்கூட எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். வளர்ந்தோமா? வாடித்தான் போனோம் அக்கா.

எங்களைப் படுத்தியதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தங்களைத் தாங்களே படுத்திக்கொண்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், உலர்த்தியிலிருந்து அப்போதுதான் இறக்கிய சூடான விரிப்புக் குவியலில் சாய்ந்து தூங்கிப்போனீர்கள். காதில் மாட்டிய கருவியில் ஏதோ முன்னேற்ற உரை ஓடிக்கொண்டே இருந்தது. மடிப்பு மேசைக்காரி மெல்ல அதைக் கழற்றி வைத்தாள். இயந்திரங்களை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் நுனிக்காலில் நடந்தோம். கண் விழித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

"ஐயோ, தூங்கிட்டேனே! எவ்வளவு பண்ணாலும் நான் மட்டும் பத்தாமலே இருக்கேன்டி."

மறுநாளே தூக்கத்தை வெல்லும் பயிற்சியில் சேர்ந்தீர்கள். எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பத்தாது என்று தங்களுக்கு யார் அக்கா சொன்னது? இந்தக் கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

போன வாரம் தங்கள் கணவர் இங்கே வந்திருந்தார். பேருந்து ஓட்டி ஓய்ந்த மனிதர், கையைப் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றார். மடல் எழுதுகிறோம் என்று கேள்விப்பட்டாராம்.

"ரிட்டயர் ஆனதும் என்னென்ன பண்ணணும்னு அட்டவணை போட்டு இப்பவே சுவத்துல ஒட்டிட்டா. நீச்சல் இருக்கு, புதுசா ரெண்டு மொழி இருக்கு. நானும் இருக்கேன். சாயங்காலம் கால் மணி நேரம், பேச்சுத்திறன் பயிற்சின்னு."

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் அவளும் சும்மா உக்காந்து ஒரு டீ குடிச்சதில்லைப்பா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க எழுதிக் குடுத்தா சட்டம் போட்டு மாட்டுவா. ஒரு வரி சேத்துக்குங்களேன்."

சேர்த்துவிட்டோம், வித்தகியே! வரியோடு இரண்டு பிரம்பு நாற்காலிகளையும் பரிசாகச் சேர்த்திருக்கிறோம். அவை முதுகை நிமிர்த்தா, மூட்டைக் காக்கா, ஒரு திறனையும் வளர்க்கா. கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே வாங்கினோம். இன்று மாலை அவற்றில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பார். மற்றொன்றில் தாங்கள் உட்கார வேண்டும். டீ ஆறினால் ஆறட்டும்.

நோயின்றி, நொடியின்றி, அட்டவணையும் இன்றி, நிறைந்த சோம்பலோடு நெடுங்காலம் வாழ்க! முதல் மடக்கிலேயே எழுந்து போகத் தங்கள் கால் துடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா? அதனால்தான் தங்கள் சொல்லையே அவருக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம். தாங்கள் எழும்போதெல்லாம் அவர் சொல்வார்:

"இன்னும் கொஞ்சம் உக்காரேன்."

இங்ஙனம்,
நாளை மதியம் கால் நீட்டி உட்காரப்போகிற, தங்கள் நாற்காலியைப் பார்த்துக் கண் கலங்கவும் போகிற
சலவைக்கூடத்தார்