பச்சைப் பொத்தானில் செருகிய ஆப்பு: மெயின் அண்ணனுக்கு இயந்திரக்கூடத்தார் வாசித்தளிக்கும் மடல்

முழங்கால் வலியை முணுமுணுத்துக்கொண்டே, மூன்றாம் படியில் மூச்சு வாங்கி, நான்காம் படியில் நின்று, "இன்னிக்கு இது நம்ம பேச்சைக் கேக்கலப்பா" என்று காலைத் தடவி, கடைசி நாள் வரை ஏணி ஏறி இறங்கி, இன்றோடு முப்பத்தோர் ஆண்டுப் பணி நிறைவு செய்யும் எங்கள் மின்பணியாளரே, மெயின் அண்ணன் என்று மேலாளர் முதல் வாயிற்காவலர் வரை அழைத்த மூத்தவரே, மின்சாரம் போனால் பதறாதவரே, வந்தால் நம்பாதவரே, வணக்கம்.

நீங்கள் வந்த காலத்தில் எங்கள் கூடத்து இயந்திரங்கள் கரண்ட் போனால் நிற்கும். வந்தால் யாரையும் கேளாமல் சுற்றத் தொடங்கும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் சுவரில் ஒரு பெட்டி வேண்டும் என்றீர்கள். கரண்ட் போனதும் அது இணைப்பின் பிடியை விட்டுவிடும். திரும்ப வந்தாலும் ஓர் ஆள் பெட்டியிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தாமல் இயந்திரம் அசையாது. "கரண்ட் வந்தா மெஷின் ஓடுறது நல்லதுதானப்பா?" என்று கேட்டது அலுவலகம். "நல்லதுதாங்க சார். யாரு கை உள்ள இருக்குன்னு அதுக்குத் தெரியாதே" என்றீர்கள். இரண்டாண்டு அலைந்து, இருபத்து நான்கு பெட்டிகளையும் வாங்கி, உங்கள் கையாலேயே மாட்டினீர்கள்.

அதோடு விட்டீர்களா? கரண்ட் போன நேரமெல்லாம் நாங்கள் டீ குடிக்கப் போனோம். நீங்கள் பெட்டி பெட்டியாகத் தொட்டுக்கொண்டு நடந்தீர்கள். "என்ன மெயின் அண்ணே, டாக்டர் மாதிரி ஒவ்வொண்ணுக்கா நாடி பாக்குறீங்க?" என்று கிண்டல் செய்தால், "செத்துத்தான் கிடக்கான்னு பாக்குறேன்டா" என்பீர்கள்.

இனி எழுதியிருப்பதை மேடையிலிருக்கும் மேலாளரும் கேட்கட்டும்.

ஏழாண்டுக்கு முன், ஒரு மழைநாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்ட் போய்ப் போய் வந்தது. பெட்டிகளோ எங்கள் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி. போய்ப் போய் அழுத்திக் கால் கடுத்த ஒருவர், பச்சைப் பொத்தானை உள்ளே அழுத்தி, அதன் விளிம்பில் மரச்சீவலை ஆப்பாகச் செருகினார். அழுத்தியது அழுத்தியபடி நின்றது. கரண்ட் வந்ததும் இயந்திரம் தானே ஓடியது. அவரைப் பார்த்து இன்னும் ஏழு பேர் அதையே செய்தோம்.

மூன்று மணிக்கு மறுபடி கரண்ட் போனது. மூன்றாம் லேத்காரர் தம் கடைசல் இயந்திரத்தின்மேல் குனிந்து, உள்ளே சிக்கிய இரும்புச் சுருளைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் லேத்தின் பெட்டியைத் தொட்ட உங்கள் விரலில் ஆப்பு தட்டுப்பட்டது. அதை உருவிய நீங்கள் அடுத்த பெட்டியைப் பார்க்க நிற்கவில்லை. பாய்ந்துபோய் அவரைப் பிடித்து இழுத்தீர்கள். கரண்ட் வந்தது, லேத் சுற்றியது. சட்டைக்கை போனது, கை போகவில்லை. அவரோடு சேர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தீர்களே, அன்று அடிபட்ட முழங்கால்தான் இன்றும் ஏணியில் மக்கர் செய்கிறது.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் மற்ற ஏழு ஆப்புகளையும் பிடுங்கி எறிந்துவிட்டோம். "பெட்டி வேலை செய்யலையா?" என்று கேட்டார்கள். 'பராமரிப்பில் கவனக்குறைவு' என்று உங்கள் கோப்பில் ஒரு குறிப்பாணை ஏறியது. மேற்பார்வையாளர் பதவி உங்களைத் தாண்டிப் போனது. எட்டாவது ஆப்பு உங்கள் சட்டைப்பையில் இருந்தும் நீங்கள் எடுத்துக் காட்டவில்லை. ஏன் என்று பிறகு கேட்டோம். "நான் சொன்னா எட்டுப் பேருக்கு வேலை போகும். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றீர்கள்.

நாங்கள் சொல்லவில்லை.

அதற்கும் எங்களைத் திட்டாமல், அடுத்த மாதமே இருபத்து நான்கு பெட்டிகளையும் எங்கள் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றினீர்கள். பத்தடி நடை போனது, ஆப்பும் போனது. ஏழாண்டாக எவர் கையிலும் ஒரு கீறல் இல்லை. இனியும் இராது, இன்று காலை கரண்ட் போனபோது டீயை ஆறவிட்டுப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தவர்கள் நாங்கள்தாம்.

இந்த மடலை உங்கள் முன் இரு கையாலும் பிடித்து வாசித்துக்கொண்டிருப்பவர் அந்த மூன்றாம் லேத்காரர். ஆப்பு வைத்த எண்மரில் அவரும் ஒருவர்.

அண்ணே, இனி ஏணி வேண்டாம். வீட்டில் கரண்ட் போனால் போனபடி கிடக்கட்டும். அண்ணியின் மிக்சிக்கு நாடி பார்க்க எழுந்திருக்காதீர்கள். முழங்கால் தேறி, மூச்சு சீராகி, பேரப்பிள்ளைகள் பேச்சுச் சத்தத்தில் நெடுங்காலம் நிறைவாக இருங்கள்.

இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். நீங்கள் சுவரில் மாட்டுவீர்கள். ஆனால் அந்தக் குறிப்பாணை இன்னும் உங்கள் கோப்பில் இருக்கிறது. தவறு எங்களுடையது என்று அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து அதை நீக்க வைக்க வேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
ஆப்பு வைத்தவர்களில் இன்றும் பணியிலிருக்கும் ஆறு பேர்,
இயந்திரக்கூடத்தார் அனைவருடனும்