காலியாக விட்ட கட்டங்கள்

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் சார். அதனால்தான் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாப் பதிவேடும் என் தலையில் விழும். பத்தொன்பது வருடம் எழுதினேன். படிக்கத்தான் ஆளில்லை.

அந்தக் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. எடை தொள்ளாயிரம் கிராம். வாயால் எதுவும் கொடுக்க முடியாது; கை நரம்பு வழியாக இதயத்தின் வாசல்வரை நூல் மாதிரி ஒரு குழாயைச் செலுத்தி, அதிலேயே ஊட்டச்சத்து ஏற்றினோம். கிருமிக்கும் அது ராஜபாட்டைதான். பதினாறாம் நாள் குழந்தை பாலை முழுதாக ஏற்றுக்கொண்டது. குழாயை எடுத்துவிடலாம் என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். மூன்றாம் நாள் பெரிய டாக்டரிடம் நேரிலேயே சொன்னேன்.

"இருக்கட்டும் சிஸ்டர். எடுத்துட்டு, திரும்பத் தேவைப்பட்டா நரம்புக்கு எங்க போறது?"

இதற்குமுன் இரண்டு குழந்தைகளுக்கும் இதே பதில்தான். இரண்டும் ரத்தத்தில் கிருமி பரவி இறந்தன. குறைமாதம், என்ன செய்ய முடியும் என்று கோப்பை மூடினார்கள். குழாயைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. சுவரோடு பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

குழாயை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று யாரும் மறுக்க முடியாதபடி ஒருமுறை காட்டிவிட நினைத்தேன். சும்மா கிடக்கும் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க மருந்து ஏற்றும் ஒவ்வொரு தடவையும் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் துடைப்பதை நிறுத்தினேன். பொய் எழுதவில்லை. 'துடைத்தாயிற்று' என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டேன். நான்கு நாளில் பன்னிரண்டு கட்டங்கள். ஒருவர் கேட்டிருந்தாலும் அன்றே நிறுத்தியிருப்பேன்.

ஐந்தாம் நாள் குழந்தையின் உடம்பு சாம்பல் பூத்தது. ஆறாம் நாள் போய்விட்டது. குழாயின் நுனியிலேயே கிருமி இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. அடுத்த வாரம் விதி வந்தது: தேவை முடிந்த அன்றே குழாயை எடுக்க வேண்டும். பெரிய டாக்டரே ஒப்பமிட்டார்.

குழந்தையின் அம்மா என்னைத் தேடித்தான் வந்தாள். நான் டியூட்டியில் இருந்தால் மட்டுமே குழந்தையை விட்டு ஒரு வாய் சாப்பிடப் போகிறவள்.

"அக்கா, நான் தொட்டதாலதான் கிருமி வந்துச்சா?"

உண்மையைச் சொன்னால் கிடைத்த விதியும் கைநழுவிப் போகும்.

"இருக்கலாம்மா" என்றேன்.

அவள் அழுது ஓயும்வரை கூடவே உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான் சார். மற்றவர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.