வாக்கியம் முடியட்டும்

பிடித்த எழுத்தாளரின் நல்ல புத்தகம் எது என்று கேட்டால் ஆட்கள் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். மோசமான புத்தகம் எது என்று கேட்டுப் பாருங்கள் ஐயா, டீ ஆறி ஆடை படியும்வரை பேசுவார்கள். வாடகை நூலகத்தின் பின்னறையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடப்பது அதுதான். என் பெரியப்பா இறந்ததற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு செய்கிற அம்மாவுக்கும் அதுதான் வசதி.

பெரியப்பா துப்பறியும் கதை எழுதுகிறவர். புனைபெயரில் எழுதினார். எந்த அட்டையிலும் அவர் படம் கிடையாது. கேட்டால், "கொலை பண்றவன் மூஞ்சியைக் காட்டுவானா?" என்பார். நான் அவருடைய தம்பி மகள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராமல் இல்லை. பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல எனக்குக் குரல் வராது. வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே பாதி வருஷம் வராதவளாகப் பதிவாகியிருந்தேன். அப்பா அடித்துப் பார்த்தார், அம்மா அழுது பார்த்தாள். பெரியப்பாதான், "அவ எங்கூட இருக்கட்டும். எனக்கு வாய் வேண்டாம், கையெழுத்துதான் வேணும்" என்று கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், அச்சகத்தில் ஒருவருக்கும் புரியாது. நான் நல்ல படி எடுத்துக் கொடுப்பேன்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். எழுதுகிறவரை வாக்கியத்தின் நடுவில் கூப்பிடக் கூடாது. வாசலில் யார் நின்றாலும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், புள்ளி வைத்த பிறகுதான் எழுந்திருக்கலாம். அந்தச் சட்டம் எனக்கும் உண்டு என்று சொன்னவர் அவர்தான். நான் எழுதும்போது பசியோடு வந்து நின்றால்கூட ஒரு வார்த்தை பேசமாட்டார். கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுக் காத்திருப்பார். நான் நிமிர்ந்தால்தான், "சாப்பிட எதாவது இருக்காம்மா?" என்பார். எனக்காகக் காத்திருந்த மனிதர் என்று எண்ணினால் அவர் ஒருவர்தான் தேறுவார்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. கத்திக்குத்தில் செத்தவன் இரண்டு அத்தியாயம் தள்ளி விஷத்தில் செத்திருப்பான். அவன் மனைவி ஒரு பக்கத்தில் விதவை, அடுத்த பக்கத்தில் கல்யாணமே ஆகாதவள். நான் சரி செய்தேன். முதலில் ஒரு சொல், பிறகு ஒரு பத்தி, பிறகு முழு அத்தியாயம். கடைசி நான்கு நாவல்களில் அவர் சொன்னது கதைச் சுருக்கம் மட்டுமே. மற்றது நான். "நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். எனக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது.

நூலகக் கூட்டத்துக்கு நான் போக ஆரம்பித்தது அவர் சொல்லித்தான். நான் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. மூலையில் உட்காருவேன், பேசமாட்டேன். அதனால் எனக்கு மூலைப் பொண்ணு என்று பேர் வைத்திருந்தார்கள். அங்கே தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். ஒரு பல் டாக்டர், ஒரு பூட்டு ரிப்பேர்காரர், ஓய்வு பெற்ற பூகோள டீச்சரம்மா. மூவரும் பெரியப்பாவின் எல்லா நாவல்களையும் படித்தவர்கள். எல்லாவற்றையும் திட்டுகிறவர்கள்.

பூட்டுக்காரர் சொல்வார், "மெழுகுல சாவி அச்சு எடுக்கிறானாம். அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு உச்சி வெயில்ல ஊரைச் சுத்தி வர்றானாம். மெழுகு என்ன ஆகும்? அவன் சட்டை என்ன ஆகும்? இதைவிட மோசமா ஒரு கதை இருந்தாச் சொல்லுங்க, என் கடையை எழுதித் தர்றேன்."

"கடையை எழுதிவைங்க" என்பார் பல் டாக்டர். "இரட்டையர் கதையை மறந்துட்டீங்களா? ரெண்டு பேருக்கும் அதே பல்லுல அதே சொத்தையாம். சொத்தைன்னா அப்பன் சொத்துன்னு நெனச்சுட்டாரு போல, சரிபாதியாப் பிரிச்சுக் குடுத்திருக்காரு."

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா, "இன்னிக்கு என்னை எந்த இடத்துல அறுத்தாங்க?" என்று கேட்பார். எனக்குக் கூட்டத்தில்தான் பேச வராது. அவரிடம் அப்படியே நடித்துக் காட்டுவேன். சொத்தைப் பல் விஷயத்தைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார். இதை நான் மறைக்கவில்லை. அவருக்கு அதெல்லாம் வலித்ததே இல்லை.

ஒரு மாதம் டீச்சரம்மா, பழையதையெல்லாம் விடுங்கள், கடைசி நாலையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று வீட்டுக்கு வந்து, கூட்டம் நடக்கவில்லை என்று சொன்னேன். மழை என்றேன். பெரியப்பா பகல் முழுக்க ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தவர். வெளியே ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றார்.

வந்தார். பெரியப்பா என்ற ஒரு சொல்லை மட்டும் எப்படியோ சொல்லி அறிமுகப்படுத்தினேன். பூட்டுக்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். டீச்சரம்மா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"இந்த நாலையும் அவர் எழுதலை. எழுதினது வேற கை. அந்த மனுஷன் கதையில யாராவது யாரையாவது உண்மையா வெறுப்பாங்க. படிக்கும்போதே நமக்குப் பல் கூசும். இந்த நாலுல எல்லாரும் நல்லவங்க. கொலை பண்ணவன்கூட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே விலங்கு மாட்டிக்கிறான். அவரை ரொம்பப் பிடிச்ச யாரோ, அவர் மாதிரியே எழுதிப் பாத்திருக்காங்க. பாவம், வரல."

"கை வேறயோ அதேயோ," என்றார் பல் டாக்டர், "யாராவது போய் அந்தப் பேனாவைப் பிடுங்கினா நல்லது. இன்னொண்ணு இப்படி வந்தா மனுஷன் பேரே கெட்டுடும்."

இந்த வாக்கியத்தை அப்படியே பதிந்துகொள்ளுங்கள் ஐயா. சொன்னவர் நான் இல்லை.

எல்லாவற்றிலும் எது ஆக மோசம் என்று கை தூக்கச் சொன்னார்கள். அந்த நான்குக்கும் கை உயர்ந்தது. பெரியப்பாவும் தூக்கினார்.

திரும்பி நடந்து வரும்போது அவருக்கு ஒரே சந்தோஷம். "கெட்டிக்காரி அந்தம்மா. என் துப்பறிவாளன் தோத்தான் போ. உன்னைப் பிடிச்சுட்டா பாத்தியா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார். "உன் மேல தப்பில்லம்மா. உனக்கு யாரையும் வெறுக்கத் தெரியல. அது இல்லாம இந்த வேலை ஆகாது. இனிமே நானே எழுதறேன். நீ படி மட்டும் எடு. ஒரு எழுத்துகூட மாத்தாதே."

அன்பாகத்தான் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். கை நடுங்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். எழுதிய தாளை என் மேசையில் வைப்பார், நான் படி எடுப்பேன். அவர் நெஞ்சுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்று உண்டு. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த டப்பா எப்போதும் அவர் மேசையில் இருக்கும். மேசையில் தாள் சேரச் சேர இடம் போதவில்லை. டப்பாவை முதலில் ஜன்னல் திட்டில் வைத்தேன். வெயில் படுகிறதே என்று அலமாரியின் நடுத்தட்டுக்கு மாற்றினேன். பிறகு மேல்தட்டுக்கு. மேல்தட்டு அவர் கைக்கு எட்டாது. எனக்கு முக்காலி போட்டால் எட்டும். மேசை சுத்தமாக இருந்தது. அவர் டப்பா எங்கே என்று கேட்கவில்லை. ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் நான் படி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. இன்னொரு கையை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

நான் வாக்கியத்தின் நடுவில் இருந்தேன்.

அவர் எழுதியிருந்த வாக்கியம் ‘மழை நின்றது’ என்பது. இரண்டே வார்த்தை. ஒரு மூச்சில் எழுதிவிடலாம். நான், மழை நின்று, கூரை விளிம்பில் தங்கிய கடைசிச் சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, என்று எழுதினேன். எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்து, அதிலிருந்து ஒரு வெளிச்சம் ஈரத் தரையில் நீளமாக விழுந்து, அந்த வெளிச்சத்தை மிதிக்காமல் ஒரு பூனை சுற்றிப் போக, என்று எழுதினேன். அவர் காத்திருந்தார். நான் எழுதினேன். மூச்சு வாங்குவது கேட்டது. பக்கத்தின் கீழ்விளிம்பு வந்தது. திருப்பி மறுபக்கத்தில் தொடர்ந்தேன்.

அவர் சத்தம் போட்டிருக்கலாம். மேசையைத் தட்டியிருக்கலாம். செய்யவில்லை. நான் புள்ளி வைப்பேன் என்று கடைசிவரை நம்பினாரா, அல்லது புரிந்துகொண்டுதான் நின்றாரா, எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதும்போது நான் நிமிர்வதில்லை.

அவர் விழுந்த பிறகு புள்ளி வைத்தேன். நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு முக்காலி போட்டு டப்பாவை எடுத்து, பழையபடி அவர் மேசையில் வைத்தேன். டாக்டர் வந்து, வயசாயிடுச்சு, நெஞ்சும் பலவீனம், கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தார். அவர் கடைசியாக எழுதிய தாள்களையும், அதற்கு நான் எடுத்த படியையும் அடுப்பில் போட்டேன். பல் டாக்டர் சொன்னாரே, இன்னொண்ணு வந்தால் பேர் கெட்டுவிடும் என்று. அவர் பேர் கெடக் கூடாது. வேறு காரணம் எதுவும் எனக்கு இல்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அப்படியே இருந்திருக்கலாம். நேற்று டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவர் யாருன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்மா" என்றார். "வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே பூட்டுக்காரர்கிட்ட, ‘இந்தப் பூட்டு உள்ளேர்ந்து எப்படித் திறக்கும்?’னு கேட்டார். வேற யாரு கேப்பா? அவர் மறுபடி தன் கையால எழுதணும்னு ஆசைப்பட்டுத்தான் அப்படிக் கொஞ்சம் கடுமையாப் பேசினேன். அவர் மனசு உடைஞ்சு போய்ட்டார். நான்தான் கொன்னுட்டேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"எதாவது எழுதிக்கிட்டிருந்தாரா?" என்று கேட்டார். "எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவாயில்லம்மா. நாங்க திட்டுறதெல்லாம் ஒரு திட்டா? அடுத்தது எப்ப வரும்னு கடைக்காரனை நச்சரிக்கிறதும் நாங்கதான். அரைப் பக்கம் இருந்தாக்கூடக் குடு. நாங்க மூணு பேரும் உக்காந்து சண்டை போட்டுக்கிறோம்."

இல்லை என்று தலையசைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். செய்யாத கொலைக்கு அந்த வயதில் ஒருவர் அழுவது சரியில்லை. அதனால்தான் காலையில் புறப்பட்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். மாத்திரையை எட்டாத இடத்தில் வைத்தவள் நான். கூப்பிடாமல் நின்றவரைக் காக்க வைத்துக் கொன்றவள் நான். டீச்சரம்மாவுக்கு ஆள் அனுப்பி இதைச் சொல்லிவிடுங்கள்.

நான் அடுப்பில் போட்ட அந்தக் கதை அவ்வளவு மோசமா என்று நீங்கள் கேட்டீர்கள். மோசம்தான் ஐயா. நான் படி எடுத்தவள், எனக்கு மனப்பாடம். ஒரு கிழவர் காவல் நிலையத்துக்கு வருகிறார். கூடிய சீக்கிரம் தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்கிறார். யார் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். "அவங்களே ஒரு நாள் இங்க வருவாங்க. நாலு பேர் முன்னால பேச வராது அவங்களுக்கு. உக்காரச் சொல்லி, குடிக்க எதாவது குடுத்துக் கேளுங்க. ரொம்பத் திட்டாதீங்க" என்கிறார். அதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். தன்னைக் கொல்லப் போகிறவருக்காக யாராவது சிபாரிசுக்குப் போவார்களா? எந்த வாசகரும் நம்பமாட்டார். அவர் எழுதியதிலேயே ஆக பலவீனமான கதை அதுதான்.

இந்த அம்மா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்கிறார், பாருங்கள். கதை அவருக்குச் சரியாகப் புரியவில்லை. என் கையில் விட்டிருந்தால் அந்த இடத்தை நான் திருத்தியிருப்பேன்.